பையோடு வீட்டுக்கு வரும் மீன் நோய்

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

திருகோணமலை அலஸ்தோட்டத்தில், வீட்டின் பின்வளவில் கட்டிய ஒன்பது சீமெந்துத் தொட்டிகளில் கப்பி, மொலி, பிளாட்டி ஆகிய அலங்கார மீன்களைப் பெருக்கி, நகரத்துக் கடைகள் சிலவற்றுக்கும் வீடு தேடி வருவோருக்கும் விற்றுவருகின்ற ஒரு சிறு வளர்ப்பாளர் நான். அண்மைக் காலமாக என்னிடம் வருவோரில் பாதிப்பேர், செத்துப்போன மீனுக்குப் பதிலாக வேறு மீன் கேட்டே வருகிறார்கள். ஏன் செத்தது என்று கேட்டால் வெயில் என்பார்கள், தண்ணீர் சரியில்லை என்பார்கள். ஒருவர் கண்ணூறு என்றே சொன்னார். கடைசியாகப் புதிய மீன் வாங்கி விட்டது எப்போது என்று நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் "போன கிழமை" அல்லது "பத்து நாள் இருக்கும்" என்ற பதிலே வரும். அந்தப் பத்து நாளைப் பற்றித்தான் தங்கள் பத்திரிகை வாயிலாகச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

பிறரைச் சொல்லுமுன் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன், கார்த்திகை மழை விடாமல் பிடித்திருந்த ஒரு மாலையில், கடையொன்றிலிருந்து பன்னிரண்டு கறுப்பு மொலிகளை வாங்கி வந்தேன். கடையின் பெயர் இங்கே தேவையில்லை. பிழையில் பெரும்பங்கு என்னுடையது. வீட்டில் விருந்தினர் வந்திருந்த அவசரத்தில் பையை அவிழ்த்து, நீரும் மீனுமாக மூன்றாம் தொட்டிக்குள் அப்படியே கவிழ்த்துவிட்டுப் போய்விட்டேன். ஐந்தாம் நாள் காலை தீனி போடும்போது ஒரு மொலியின் வாலில் ரவை மணியளவில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. கறுத்த உடல் என்பதால் அந்த ஒன்றாவது கண்ணில் பட்டது. வெளிர்நிறக் கப்பியில் இருந்திருந்தால் அதுவும் பட்டிருக்காது. அடுத்த இரண்டு நாளில் உடம்பெங்கும் உப்புத் தூவியதுபோல் ஆகிவிட்டது. மீன்கள் விலாவைத் தொட்டிச் சுவரில் உரசி உரசித் திரும்பின. தீனியைக் கண்டும் மேலே வரவில்லை. இரண்டாவது பிழையை அப்போதுதான் செய்தேன். செத்ததை அள்ளிய அதே வலையால், அதே காலையில், மற்றத் தொட்டிகளிலும் குஞ்சுகளைப் பிரித்தெடுத்தேன். கிழமை இரண்டு கழிவதற்குள் ஒன்பது தொட்டிகளில் ஏழில் நோய் வந்துவிட்டது. அறுநூறு மீன்கள் வரை இருந்த இடத்தில், தை பிறந்தபோது நூற்றெழுபதைத்தான் எண்ண முடிந்தது.

வெள்ளைப்புள்ளி நோய் என்று நாம் சொல்லும் இதற்குக் காரணம் இக்தியோப்திரியஸ் என்ற ஒரு கல ஒட்டுண்ணி. அதன் வாழ்க்கை வட்டத்தை அறியாதவரை அதைத் தடுக்க முடியாது என்பதை நான் மீன்களை இழந்த பிறகே படித்து அறிந்தேன். மீனின் தோலுக்கு அடியிலும் செவுளிலும் புகுந்து கொழுக்கும்போது அது வெள்ளைப் புள்ளியாகத் தெரிகிறது. கொழுத்து முடிந்ததும் மீனை விட்டு உதிர்ந்து, தொட்டியின் அடியிலோ கல்லிலோ பாசியிலோ வலையின் இழையிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி ஒரு கூட்டை அமைத்து உள்ளே பிரிந்து பெருகுகிறது. ஒரு கூட்டிலிருந்து நூற்றுக்கணக்கான குஞ்சுகள் வெளிப்பட்டு நீந்தத் தொடங்கும். அவை ஒன்றிரண்டு நாளுக்குள் ஒரு மீனைப் பற்றிக்கொள்ள வேண்டும், பற்றாதவை அழிந்துவிடும். கோடையில் நமது தொட்டி நீரில் இவ்வட்டம் நான்கைந்து நாளில் முடிந்துவிடுகிறது. மாரியில் நீர் 25, 26 பாகைக்கு இறங்கும்போது கூடுதலாக ஓரிரு நாள் எடுக்கும். ஆனால் வெப்பநிலை திடீரென இறங்குவதால் மீனும் அந்த நாள்களில் சோர்ந்துவிடுகிறது. வாடைக்காற்றோடு இந்நோய் வந்தது என்று நம்மவர் சொல்வதில் இவ்வளவு உண்மை உண்டு. காற்று நோயைக் கொண்டுவரவில்லை. ஏற்கெனவே வந்து அடியில் கிடந்ததற்கு அது வாய்ப்புக் கொடுத்தது.

மருந்து ஊற்றியும் நோய் தீரவில்லை என்ற முறைப்பாட்டுக்கும் விடை இதிலேயே இருக்கிறது. கடைகளில் நீலமாகவும் பச்சையாகவும் சிறு போத்தல்களில் கிடைக்கும் மருந்துகள், நீரில் சுயமாக நீந்தும் குஞ்சுகளை மாத்திரமே கொல்லும். மீனின் தோலுக்குள் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் அவை தொடுவதில்லை. ஆகவே ஒரு தடவை ஊற்றிவிட்டு, புள்ளிகள் உதிர்ந்ததும் நோய் மாறிவிட்டது என்று மகிழ்வது தவறு. உதிர்ந்தது பெருகுவதற்காகவே உதிர்ந்திருக்கிறது. போத்தலில் குறித்த இடைவெளியில் தொடர்ந்து ஊற்றி, கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் சில நாள்கள் விடாமல் செய்தால்தான் பலன் கிடைக்கும். மீன் ஒன்றுமே இல்லாத தொட்டியில், நமது வெப்பநிலையில், இந்த ஒட்டுண்ணி தானாகவே அழிந்துவிடும் என்பது இதன் மறுபக்கம். ஏழு தொட்டிகளையும் நான் அந்த முறையில்தான் மீட்டேன். எஞ்சிய மீன்களை வேறிடத்தில் வைத்துப் பராமரித்தபடி, தொட்டிகளை இறைத்துக் காயவிட்டு, மழை விட்ட கிழமையில் வெயிலுக்குத் திறந்துவைத்தேன். காய்ந்த இடத்தில் அது வாழாது.

வலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நோயைக் காவுகின்ற பொருள்களில் வலையைப்போல் கவனிக்கப்படாத ஒன்று கிடையாது. கடைகளில் தொட்டி வரிசையின் முனையில் ஓர் ஆணியில் ஒரேயொரு வலை தொங்கும். காலை முதல் இரவு வரை அது காய்வதே இல்லை. என் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. இப்போது தொட்டிக்கொரு வலை வைத்து, பிடியில் நிற நூல் சுற்றி அடையாளம் செய்திருக்கிறேன். பழைய நுளம்பு வலைத் துணியும் கம்பியும் இருந்தால் வீட்டிலேயே தைத்துக்கொள்ளலாம். திருகோணமலை வெயில் பாதி வேலையைச் செய்துவிடும். ஒரு பகல் முழுவதும் முறுகக் காய்ந்த வலையில் வெள்ளைப்புள்ளிக் கிருமி தப்பாது. மழைக்காலத்தில் வெயிலை நம்ப முடியாது என்பதால், ஆவி பறக்கும் சுடுநீரில் சில நிமிடம் அமிழ்த்தி எடுத்து, அடுப்படியில் தொங்கவிடுகிறேன். நீர் மாற்றும் குழாய், வாளி, பாசி சுரண்டும் பஞ்சு, முழங்கை வரை நனைந்த நமது கை ஆகியவற்றுக்கும் இதே கணக்குத்தான். நோயில்லாத தொட்டியில் வேலையைத் தொடங்கி, நோயுள்ள தொட்டியைக் கடைசிக்கு வைத்துக்கொண்டால் செலவில்லாமலே பாதி ஆபத்து குறைந்துவிடும்.

புதிய மீனை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் செய்ய வேண்டியதை இனிச் சொல்கிறேன். கட்டிய பையைத் திறக்காமல் கால் மணிநேரம் தொட்டி நீரில் மிதக்கவிட்டால் இரு நீரின் வெப்பநிலையும் ஒன்றாகும். பிறகு பையைத் திறந்து, கோப்பையால் சிறிது சிறிதாகத் தொட்டி நீரைப் பைக்குள் விட வேண்டும். பைநீரைத் தொட்டிக்குள் விடக் கூடாது. மீனை மட்டும் வலையால் எடுத்துவிட்டு, பைநீரை மண்ணில் ஊற்றிவிட வேண்டும். அந்த நீரில் கடைத் தொட்டியின் கிருமிகளும், பயணத்தில் மீன் கழித்த அமோனியாவும் இருக்கின்றன. இங்கே நான் தொட்டி என்று சொல்வது வரவேற்பறையில் வைத்திருக்கும் கண்ணாடித் தொட்டியை அன்று. புதிய மீன் முதலில் போக வேண்டியது ஒரு தனித்தொட்டிக்கு. அதற்குக் கண்ணாடியும் வேண்டாம், மணலும் வேண்டாம், விளக்கும் வேண்டாம்; இருபது முப்பது லீற்றர் கொள்ளும் ஒரு பிளாஸ்ரிக் பேசின், காற்று மோட்டரில் பொருத்திய ஒரு பஞ்சு வடிகட்டி, மீன் ஒளிந்துகொள்ள ஒரு துண்டு பிவிசி குழாய், மேலே ஒரு வலைமூடி, இவ்வளவே போதும். அந்தப் பஞ்சைச் சில கிழமைகளுக்கு முன்னரே பெரிய தொட்டியில் போட்டு வைத்திருந்தால் கழிவைச் சிதைக்கும் நல்ல பற்றீரியாக்கள் அதில் குடியேறியிருக்கும்.

எத்தனை நாள் என்று கேட்பார்கள். மூன்று கிழமை குறைந்தது. நான்கு என்றால் நல்லது. வெள்ளைப்புள்ளி முதற் கிழமையிலேயே தன்னைக் காட்டிவிடும் என்றாலும் எல்லா நோயும் அப்படி வெளிப்படையானதல்ல. கப்பி, மொலி வளர்ப்போருக்குத் தெரிந்த ஒரு குடற்புழு இருக்கிறது. மீன் அசையாமல் நிற்கும் நேரத்தில் கழிவு வாயிலிருந்து மயிர் போன்ற இரண்டு மூன்று சிவப்பு நூல்கள் வெளியே தெரியும், மீன் நீந்தியதும் உள்ளே இழுத்துக்கொள்ளும். கமலானஸ் என்று அழைக்கப்படும் இப்புழு பல கிழமைகள் உள்ளேயே இருந்துவிட்டுத்தான் அப்படித் தலைகாட்டும். பார்க்கும் இடமும் நேரமும் தெரியாதவர் அதைக் கழிவு என்று எண்ணிவிடுவார்கள். மாடு ஆடுகளுக்குப் பூச்சிமருந்தாகக் கொடுக்கும் லெவமிசோல் இதற்குக் கேட்கும். அளவை மிருக வைத்தியரிடம் கேட்டுக்கொள்வதே முறை. 2020இல் தனிமைப்படுத்தல் என்ற சொல்லை நாம் எல்லோரும் வேண்டாவெறுப்பாகப் படித்துக்கொண்டோம். நோய் தெரியாதவரையும் பதினான்கு நாள் ஏன் தனியே வைத்தார்கள் என்று இப்போது சிறுபிள்ளைக்கும் விளக்கத் தேவையில்லை. மீனுக்கு அதையே செய்யச் சொன்னால் மட்டும் சிரிக்கிறார்கள்.

செத்த மீன் எல்லாமே நோயால் செத்தவை அல்ல என்பதையும் சொல்லாமல் விட்டால் இக்கடிதம் தவறான பயத்தை உண்டாக்கிவிடும். பாலையூற்றிலிருந்து ஒரு சிறுவன் தகப்பனோடு வந்து, "அன்ரி, மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது" என்றான். விசாரித்ததில், தொட்டி அழுக்காக இருக்கிறது என்று தாயார் அதை முழுவதும் கவிழ்த்து, கல்லையும் பஞ்சையும் சவர்க்காரத்தூள் போட்டுக் கழுவி, குழாய்நீரை நேரே பிடித்து நிரப்பியிருக்கிறார். மிகுந்த அக்கறையோடு செய்யப்பட்ட வேலைதான். நகரக் குழாய்நீர் கந்தளாய்க் குளத்திலிருந்து எடுத்துச் சுத்திகரிக்கப்பட்டு, குளோரீன் சேர்க்கப்பட்டு வருகிறது. மனிதர் குடிக்கத் தேவையான அந்தக் குளோரீன், நாம் பூ என்று சொல்லும் மீனின் செவுளை எரித்துவிடும். ஒரு வாளியில் பிடித்து, காற்று மோட்டரைப் போட்டு ஒருநாள் வைத்தால் குளோரீன் பெரும்பாலும் போய்விடும். அவசரத்துக்கு மீன் கடையில் கிடைக்கும் சோடியம் தயோசல்பேற்றுக் கரைசல் உதவும். கிணற்றுநீரில் குளோரீன் இல்லை என்றாலும், புதிதாக அள்ளிய நீரில் ஒட்சிசன் குறைவாக இருக்கலாம். அதையும் சற்று நேரம் அலைய வைத்தே விட வேண்டும்.

சவர்க்காரத்தால் வந்த கேடு இன்னொன்று. மீன் கழிக்கும் அமோனியாவை நைத்திரைற்றாகவும், அதை அவ்வளவு தீங்கில்லாத நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் அந்தப் பஞ்சிலும் கல்லிலும்தான் வாழ்கின்றன. அவற்றை ஒரே நாளில் கழுவிக் கொன்றுவிட்டு, தெளிந்த நீரைப் பார்த்து நாம் திருப்திப்படுகிறோம்; மீனோ தன் கழிவிலேயே மூச்சுத் திணறுகிறது. அப்படித் திணறிப் பிழைத்த மீன்தான் அடுத்து வரும் எந்த நோய்க்கும் முதற் பலியாகிறது. கிழமைக்கொரு தடவை கால்பங்கு நீரை மாற்றி, வடிகட்டிப் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த அந்தப் பழைய நீரிலேயே பிழிந்து வைப்பது போதும். நோய் தடுப்பு என்று தனியாக ஒன்றும் இல்லையோ, ஒழுங்கான பராமரிப்புத்தானோ என்று சில நேரம் எனக்குத் தோன்றுவதுண்டு. ஆனால் மிக ஒழுங்காகப் பராமரித்த என் தொட்டிகளையே பன்னிரண்டு மொலிகள் கவிழ்த்தன என்பது உடனே நினைவுக்கு வந்துவிடும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களுக்கு வேறு வகைக் கவனம் வேண்டும். தகரக் கூரையின் கீழே வைத்த தொட்டியில் பிற்பகல் மூன்று மணிக்கு வெப்பமானியை விட்டுப் பார்த்தால் 32 பாகை காட்டும். 25 பாகையில் ஒரு லீற்றர் நீர் சுமார் 8.2 மில்லிகிராம் ஒட்சிசனைத் தாங்கும். 32 பாகையில் அது 7.3 அளவுக்குக் குறைந்துவிடும். அதே வெப்பத்தில் மீனின் உடலுக்கு ஒட்சிசன் தேவை கூடுகிறது. வரவு குறைந்து செலவு கூடிய குடும்பத்தின் நிலைதான். இந்நாள்களில் மின்சாரம் நின்றால் நெருக்கமாக மீன் வைத்திருப்பவர் பாடு பெரும் திண்டாட்டம். 2022இல் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்தபோது கோப்பையால் நீரை அள்ளி அள்ளி ஊற்றியே இரவுகளைக் கழித்தேன்.

சூடான நீரில் விரைந்து பரவுவது கொலம்னாரிஸ் என்ற பற்றீரியா நோய். வாயைச் சுற்றிப் பஞ்சு ஒட்டியதுபோலவோ, முதுகுச் செட்டையின் கீழ்ச் சேணம் வைத்ததுபோல் வெளிறியோ காணப்படும். பலரும் இதைப் பங்கசு என்று எண்ணிப் பங்கசு மருந்தை ஊற்றிக்கொண்டிருப்பார்கள். உண்மையான பங்கசு பெரும்பாலும் காயம் பட்ட இடத்தில் நூல் நூலாக வளர்ந்து மெல்லப் பரவும். இதுவோ கடுமையாக வந்தால் ஒன்றிரண்டு நாளிலேயே தொட்டியைக் காலி செய்துவிடும். வெள்ளைப்புள்ளிக்கு நீரைச் சூடாக்கினால் நல்லது என்று கேள்விப்பட்டவர்கள், எந்த நோய் என்று பாராமல் இதற்கும் சூடாக்கி, எரிகிற நெருப்பில் நெய் வார்த்துவிடுகிறார்கள். மருந்தை எடுக்குமுன் மீனைப் பார்க்க வேண்டும். கையில் ஒரு டோர்ச்சை எடுத்து, இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டுப் பக்கவாட்டில் ஒளியைப் பிடித்தால், பகலில் தெரியாத புள்ளியும் மங்கலும் தோலில் படிந்த தங்கநிறத் தூசியும் தெளிவாகத் தெரியும். அந்தத் தங்கத் தூசி வெல்வெற் என்ற வேறொரு ஒட்டுண்ணியின் அடையாளம், அதுவும் பொல்லாதது.

மனிதருக்கான அன்ரிபயோட்டிக் குளிகைகளைப் பிரித்துத் தொட்டிக்குள் கொட்டும் வழக்கத்தைப் பற்றி எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதியாக வேண்டும். வீட்டில் எஞ்சிய டெட்ராசைக்கிளினோ அமொக்சிசிலினோ எதுவாயினும் போடுகிறார்கள். வைரசுக்கும் ஒட்டுண்ணிக்கும் அது பயன்படாது. வடிகட்டியில் உள்ள நல்ல பற்றீரியாவைக் கொல்லக்கூடும். அரைகுறை அளவில் போட்டு, நீரைக் கானுக்குள் ஊற்றினால், மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்களை நமது கையாலேயே வளர்த்து விடுகிறோம். நாளைக்கு நமது பிள்ளையின் காய்ச்சலுக்கு அதே மருந்து வேலை செய்ய வேண்டும் அல்லவா?

உப்பு அப்படியல்ல. லீற்றருக்கு இரண்டு கிராம் அளவில் கரைத்துவிட்ட உப்பு மீனின் உடல் நீர்ச்சமநிலைக்கு உதவும், நைத்திரைற்றின் நஞ்சையும் குறைக்கும். இருபது லீற்றர் பேசினுக்கு நாற்பது கிராம். கப்பியும் மொலியும் அதைத் தாராளமாகத் தாங்கும். செதிலில்லாத கெளிற்று வகைகளுக்கும் நீர்த்தாவரங்களுக்கும் அது ஒவ்வாது என்பதால் பொதுத்தொட்டியில் கொட்டாமல் தனித்தொட்டியில் பயன்படுத்துவதே நல்லது.

மீனிலிருந்து மனிதருக்கு ஒன்றும் வராது என்று நம்புவோருக்கு ஒரு வார்த்தை. மைக்கோபக்ரீரியம் மரினம் என்ற பற்றீரியா 1926இலேயே கடல்மீன்களில் கண்டறியப்பட்டது. அது மீனை மெலிய வைத்து, முதுகெலும்பை வளைத்து, மாதக்கணக்கில் மெல்லக் கொல்லும். கையில் கீறலோ வெட்டோ இருக்கும்போது தொட்டிக்குள் கைவிட்டால், விரலிலோ புறங்கையிலோ ஒரு முடிச்சு கிளம்பி, சாதாரண மருந்துக்கு ஆறாமல் நாள்பட நிற்கும் புண்ணாகலாம். இது அடிக்கடி நேர்வதல்ல. பயந்து மீன்வளர்ப்பைக் கைவிடத் தேவையில்லை. காயம் இருந்தால் கையுறை அணிவதும், வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கை கழுவுவதும், நீரிறைக்கும் குழாயை வாயால் உறிஞ்சித் தொடங்கும் பழக்கத்தை விடுவதும் போதும். ஆறாத புண்ணோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், தான் மீன் வளர்ப்பதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். அவர் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும்.

இனி, தொட்டிக்கு வெளியே போகும் நோய். மீன் நோயுற்றால் கொல்ல மனம் வராமல் குளத்திலோ வாய்க்காலிலோ விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். அந்த இரக்கத்தின் விலையை வேறு யாரோ கொடுக்கிறார்கள். 1980களின் பிற்பகுதியில் விராலும் கெண்டையும் உடலெங்கும் புண்ணோடு மிதந்த நோயை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அது பங்கசு போன்ற ஒரு நீர்ப்பூஞ்சையால் வந்து, ஆசிய நாடுகள் பலவற்றைச் சுற்றி இலங்கையையும் எட்டியது. கந்தளாயிலும் தம்பலகாமத்திலும் குளத்து மீனை நம்பி வாழும் குடும்பங்கள் இன்றும் உண்டு. தொட்டி துப்புரவாக்க என்று வாங்கிய உறிஞ்சுவாய்க் கெளிறு வளர்ந்து தொட்டி கொள்ளாமல் போனதும் குளத்தில் விடப்பட்டு, நாட்டின் பல நீர்நிலைகளில் பெருகி, வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. செத்த மீனைக் கானுக்குள் வீசாமல், நாயும் காகமும் கிளறாத ஆழத்தில் புதைக்க வேண்டும். மருந்தும் உப்பும் கலவாத தொட்டிநீரைக் கீரைப்பாத்திக்கு ஊற்றினால் கீரை செழிக்கும்.

கப்பிகளைக் கிணற்றில் விடுவோருக்கும் இது பொருந்தும். நுளம்புக் குடம்பியை உண்ணும் மீன்களைக் கிணறுகளிலும் நீர்த்தாங்கிகளிலும் விடுவது நமது சுகாதாரத் துறையினரின் நீண்டகால வழக்கம். 2017இல் கிண்ணியாவில் டெங்கு கடுமையாகப் பரவிய நாள்களில் என்னிடமும் பலர் போத்தலோடு வந்து கப்பி கேட்டார்கள். காசு வாங்காமல் கொடுத்தேன். கொடுத்த மீன்களைப் பார்த்துத்தான் கொடுத்தேனா என்று இன்று கேட்டால், இல்லை என்பதே பதில். ஒரு கிணற்றுக்குள் புழுவுள்ள கப்பியை விட்டால் அதை எந்தத் தனித்தொட்டியாலும் திருப்பி எடுக்க முடியாது.

கடைக்காரர்களுக்கும் நான் எதிரியல்லேன். அவர்களுக்குத்தான் என் மீனை விற்கிறேன். கொழும்புப் பக்கத்திலிருந்து இரவு பஸ்ஸில் வரும் பெட்டியைக் காலையில் இறக்கி, மதியத்துக்குள் விற்பனைக்கு விட வேண்டிய நெருக்கடி அவர்களுக்கு இருக்கிறது. ஆனால் எல்லாத் தொட்டிகளையும் ஒரே குழாயால் இணைத்து ஒரே வடிகட்டிக்குள் நீரைச் சுற்றவிட்டால், ஒரு தொட்டியின் நோய் அன்றைக்கே எல்லாத் தொட்டிக்கும் போய்ச்சேரும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். புதிதாக வந்த பெட்டிக்குக் கடையின் பின்புறம் தனிக் குழாயோடு நான்கு தொட்டிகளை ஒதுக்கி, ஒரு கிழமையாவது விற்காமல் வைத்தால், இரண்டு தடவை மீன் செத்ததும் தொட்டியையே விற்றுவிட்டுப் போகும் வாடிக்கையாளரைத் தக்கவைத்துக்கொள்ளலாம். வாங்குவோரும் தாம் தெரிந்தெடுத்த மீனை மாத்திரம் பார்க்காமல் அதே தொட்டியில் உள்ள மற்ற மீன்களைப் பார்க்க வேண்டும். ஒன்று செட்டையை ஒடுக்கி மூலையில் நின்றாலும், அடியில் ஒரு பிணம் கிடந்தாலும் அந்தத் தொட்டியில் வாங்காமல் வருவதே புத்தி.

அதிகாரிகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை அலங்கார மீன் வளர்ப்பையும் தன் பொறுப்பில் கொண்டிருக்கிறது. பேராதனையில் கால்நடை மருத்துவ பீடத்தில் மீன் நோயை அறிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நோயுற்ற மீன், ஆட்டைப்போல் பஸ்ஸில் ஏறிப் போவதில்லை. செத்த சில மணிநேரத்தில் அழுகத் தொடங்கி, பரிசோதிக்கப் பயனற்றதாகிவிடும். தோலில் வழித்தெடுத்த சிறிது சளியை ஒரு கண்ணாடித் தகட்டில் வைத்துச் சாதாரண நுணுக்குக்காட்டியில் பார்த்தாலே வெள்ளைப்புள்ளியா, வெல்வெற்றா, செவுட்புழுவா என்று பெரும்பாலும் சொல்லிவிட முடியும். மாதத்தில் ஒரு நாள், திருகோணமலை நகரில் ஓர் அலுவலகத்தில், நுணுக்குக்காட்டியோடு ஒருவர் அமர்ந்திருந்தால், மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் என்னைப் போன்ற சிறு வளர்ப்பாளர்கள் உயிரோடு மீனைக் கொண்டுவந்து காட்டுவோம். வீட்டிலிருந்தே உழைக்கும் பெண்களுக்குத் தொட்டியும் குஞ்சும் கொடுத்து உதவும் சுயதொழில் திட்டங்களில், தனித்தொட்டி ஒன்றையும் அரைநாள் நோய்ப் பயிற்சியையும் சேர்த்துக் கொடுத்தால் கொடுத்த குஞ்சுகள் வீணாகா.

கார்த்திகை மழைக்கு முன் இக்கடிதம் அச்சேறினால் நன்று. அதுவரையில், நோயுற்ற மீனை யாருக்காவது காட்ட வேண்டுமென்று எண்ணும் அயலவர்கள் மூடிய போத்தலில் என்னிடம் கொண்டு வரலாம். படலைக்கு வெளியே, வேப்பமரத்தின் கீழ் ஒரு வாங்கு போட்டிருக்கிறேன். அங்கே வைத்துப் பார்ப்போம். வலையைக் கொண்டுவர வேண்டாம்.

இங்ஙனம்,
சிறு மீன் வளர்ப்பாளர் ஒருவர்,
அலஸ்தோட்டம், திருகோணமலை.